மணற்கல்லும் மனித உழைப்பும்: கற்பிட்டிக் கரையிலிருந்து ஒரு நோக்கு

1

கற்பிட்டிக் குடாநாட்டிலுள்ள கிராமங்களுள் ஒன்று குறிஞ்சிப்பிட்டி. குறிஞ்சி என்பது மலையும் மலை சார்ந்த இடமும் என நம் இலக்கண நூலார் வகுத்த திணையின் பெயர். பிட்டி என்பது மேடு. ஆயின் இவ்வூரில் மலையில்லை. மலையின் சாயலுங்கூட இல்லை. ஒரு புறம் கடலும் மறு புறம் புத்தளக் களப்பும் சூழ்ந்த நீண்ட மணற்றிட்டின்மீது தென்னையும் மீன்பிடியும் தோட்டச் செய்கையும் வாழ்வளிக்கும் நெய்தல் நிலமே இது. இக்குடாநாட்டின் தலைமை ஊரான கற்பிட்டியின் பெயரைத் தமிழாகக் கொண்டு பிரித்தால் கல்லும் பிட்டியும் கிடைக்கின்றன. கண்ணுக்கெட்டிய தூரம் மணலே விரிந்துகிடக்கும் ஒரு நிலப்பரப்பு, மலையின் பெயரையும் கல்லின் பெயரையும் தாங்கி நிற்கின்றது.

ஊர்ப்பெயராய்வு இக்கட்டுரையின் நோக்கமன்று. எனினும் இம்முரண் நம்மை ஒரு வினாவுக்கு இட்டுச்செல்கின்றது. கல்லாற் கோயிலெடுத்த சமூகங்களே நாகரிகமுடையன என்றும், கல்லில் எதனையும் விட்டுச்செல்லாத மக்கள் வரலாற்றின் புறத்தே வாழ்ந்தவர் என்றும் கருதும் போக்கு நமது கலை வரலாற்றெழுத்தில் ஆழ வேரூன்றியுள்ளது. அனுராதபுரத்துக்கும் பொலனறுவைக்கும் தஞ்சைக்கும் காஞ்சிக்கும் வரலாறு உண்டு. குறிஞ்சிப்பிட்டி போன்ற கரையோரக் கிராமங்களுக்கு ஒரு கோட்டையின் நிழல் மட்டுமே உண்டு என்பது எழுதாத விதிபோல் நிலவுகின்றது. இவ்விதியைச் சோதிப்பதற்கு மிகப் பொருத்தமான பொருள் மணற்கல் எனலாம். ஏனெனில் மணலுக்கும் கல்லுக்கும் இடைப்பட்டது அது, கலை வரலாற்றில் பெரும் புகழெய்தியது, இக்கரையிலும் இருப்பது, இருந்தும் இங்கு கோயிலாகாதது.

2

மணற்கல் என்பது மணல் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகியதால் உருவாகும் படிவுப்பாறை. ஆறும் காற்றும் கடலும் கொண்டுவந்து சேர்த்த மணற்படை, மேலமைந்த படைகளின் பாரத்தால் நெருக்குண்டு, சிலிக்கா, சுண்ணம், களி, இரும்பு ஒட்சைட்டு ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ பசையாக அமையக் கல்லாகின்றது. பசை யாது என்பதே கல்லின் குணத்தையும் ஆயுளையும் தீர்மானிக்கின்றது. சிலிக்காவால் இறுகியது உறுதி மிக்கது; களியால் இறுகியது எளிதிற் பொரிவது; இரும்பு கலந்தது செந்நிறம் பெறுவது. படைபடையாக அமைந்திருப்பதால் அதனைப் பாறையிலிருந்து பலகைபோற் பெயர்த்தெடுக்கலாம். புதிதாகத் தோண்டிய மணற்கல்லில் ஈரம் இருக்கும். அந்நிலையில் அது உளிக்கு நன்கு இணங்கும். ஈரம் வற்றியபின் அதன் மேற்பரப்பு ஓரளவு இறுகும்.

இப்பண்புகளைச் சிற்பவியலாளர் அழகியற் பண்புகளாகவே பெரும்பாலும் பேசுவர். ஆயின் அவை முதற்கண் உழைப்போடு தொடர்புடைய பண்புகள் ஆகும். கருங்கல்லில் ஒரு விரற்கடை ஆழம் குடைவதற்கு எடுக்கும் நேரத்தையும் மணற்கல்லில் அதே ஆழம் குடைவதற்கு எடுக்கும் நேரத்தையும் ஒப்பிட்டால், இரண்டாவது மிகச் சிறிது. கருங்கல்லில் உளிமுனை விரைவில் மழுங்கும்; அதனை மீண்டும் மீண்டும் உலையிலிட்டுத் தட்டிக் கூராக்கவேண்டும். எனவே கருங்கற் பணி நடக்குமிடத்திற் கற்றச்சனுக்கு இணையாகக் கொல்லனும் இன்றியமையாதவன் ஆகின்றான். உலைக்கு இரும்பும் கரியும் வேண்டும். கொல்லனுக்கும் கூலி நெல் வேண்டும். ஆகவே ஒரு சமூகம் எக்கல்லைத் தேர்ந்தெடுத்தது என்ற வினா, அச்சமூகம் எவ்வளவு உபரி உழைப்பைத் திரட்டவல்லதாக இருந்தது, அதனை எவ்வகை அதிகாரத்தின் மூலம் திரட்டியது என்ற வினாவாக மாறுகின்றது.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். கிடைத்த கல் எதுவோ அதுவே கலையைத் தீர்மானித்தது என்பாரும் உளர். இது பொருள்முதல்வாதம்போல் தோன்றினும் உண்மையில் நிலவியல் நியதிவாதமே. இயற்கை வாய்ப்பை அளிக்கின்றது, எல்லையை வகுக்கின்றது. அவ்வெல்லைக்குள் நின்றும், சில வேளை அதனை மீறியும், தேர்வு செய்வது குறிப்பிட்ட உற்பத்தி உறவுகளுக்குள் வாழும் சமூகமாகும். காஞ்சிபுரம் இதற்குச் சிறந்த சான்று.

3

பல்லவர் ஆட்சியின் தொடக்கக் கட்டத்திற் கோயில்கள் செங்கல்லாலும் மரத்தாலும் சுதையாலும் அமைந்தன. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் ஒரு குடைவரையை அமைத்து, செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகியவை இல்லாமல் அதனை ஆக்கியதாகக் கல்வெட்டிற் பெருமை பேசினான். பெருமையின் இலக்கு அழகு அன்று, அழியாமை என்பது நோக்கத்தக்கது. புதிதாக வலுப்பெற்றுவந்த அரசு ஒன்று தன்னை நிரந்தரமானதாகக் காட்ட விழைந்தபோது கடினப்பாறை அதற்குரிய மொழியாகியது. மாமல்லபுரத்துக் குடைவரைகளும் ஒற்றைக் கற்றளிகளும் அம்மொழியின் விரிவே. ஆயின் அங்கு முடிவுறாது விடப்பட்ட பணிகள் பல என்பதும் உண்மை. அரைகுறையாக நின்ற அப்பாறைகள் பல்லவக் கலையின் பலவீனத்தைக் காட்டவில்லை; உழைப்பின் விலையைக் காட்டுகின்றன.

எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மன் காஞ்சியிற் கைலாசநாதர் கோயிலை எடுத்தபோது மணற்கல் அரங்கேறியது. அடித்தளத்தின் கீழ் வரிசைக்கும் மேல் வரிசைக்கும் கருங்கல்லும் ஏனைய பகுதிகளுக்கு மணற்கல்லும் பயன்படுத்தப்பட்டன. இந்த ஏற்பாட்டின் பின்னேயுள்ள தொழிலறிவு வியத்தற்குரியது. நிலத்திலிருந்து மேலேறும் ஈரமும் அதனுடன் வரும் உப்பும் மணற்கல்லின் நுண்டுளைகளிற் புகுந்து, காயும்போது பளிங்காகி, மணல் மணிகளைப் பிரித்து உதிர்க்கும். கருங்கல் வரிசை அவ்வேற்றத்தைக் கட்டுப்படுத்துவதோடு பாரத்தையும் தாங்குகின்றது. இவ்வறிவு எந்த அரசவைப் புலவனின் ஏட்டிலும் எழுதப்பட்டதன்று. கல்லோடு தலைமுறை தலைமுறையாகப் பொருதிய கைகளின் அறிவு அது.

மணற்கல் எதனை இயல்வதாக்கியது? கைலாசநாதர் கோயிலின் திருச்சுற்றிலே 58 சிறு கோயில்கள் வரிசையாக அமைந்துள்ளன. இராசசிம்மனின் 200க்கு மேற்பட்ட விருதுப் பெயர்கள் அங்கு செதுக்கப்பட்டுள்ளன. அவற்றை ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்து வடிவங்களிற் காண்கின்றோம். யாளித் தூண்களும் தேவகோட்டங்களும் சோமாஸ்கந்தத் தொகுதிகளும் செறிந்து, வெற்றிடமே இல்லாதபடி சுவர் நிறைந்துள்ளது. இத்தகைய செறிவு, ஓர் ஆட்சிக்காலத்துக்குள், கடினப்பாறையிற் சாத்தியமாகியிருக்குமா என்பது ஐயமே. மென்கல் கலைஞனின் கைக்கு விரைவை அளித்தது. அவ்விரைவின் பயனை அறுவடை செய்தவன் அரசன். தன் பெயரை நூற்றுக்கணக்கான முறை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ள அவனுக்கு அக்கல் இடமளித்தது.

இதனைத் தொடர்ந்து எழுந்த வைகுந்தப் பெருமாள் கோயில் மேலும் தெளிவான சான்று. ஏறத்தாழ 731இல் இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்தபின் நேர் வழியிற் பட்டத்துக்குரியோர் இல்லாத நிலையில், கிளைக்குடியைச் சேர்ந்த இளைஞனான இரண்டாம் நந்திவர்மன் தெரிவுசெய்யப்பட்டு அரியணை ஏற்றப்பட்டான். அவனது காலத்துக் கோயிலின் திருச்சுற்றுச் சுவர்களிலே பல்லவ குலத்தின் தோற்றம் முதல் அவன் முடிசூடியது வரையான நிகழ்ச்சிகள் மணற்கற் புடைப்புச் சிற்பங்களாக வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. இச்சிற்பங்களை விரிவாக ஆராய்ந்து சி. மீனாட்சி எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1941இல் வெளியிட்டது. மரபுவழி உரிமை ஐயத்துக்குள்ளான ஓர் அரசன், தன் உரிமையை மெய்ப்பிக்கும் கதையைச் சுவரில் எழுதுவித்தான். ஆளும் வர்க்கம் நெருக்கடிக்குள்ளாகும்போதே அதிகம் பேசுகின்றது. அங்ஙனம் விரிவாகப் பேசுவதற்கு ஏற்ற ஏடாக மணற்கல் அமைந்தது.

காஞ்சிக்கு அண்மையில் ஸ்ரீபெரும்புதூர், சத்தியவேடு முதலிய பகுதிகளிற் படிவுப்பாறைகள் உள்ளன; ஆகவே அங்கு மணற்கல் பயன்பட்டது இயல்பே என நியதிவாதி கூறக்கூடும். இதே இராசசிம்மன் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலைக் கடினக்கல்லால் எடுத்தான் என்பதும் அவருக்குத் துணைநிற்கும். ஆயின் மூன்று நூற்றாண்டு கழித்து இவ்விளக்கம் நிலைகுலைகின்றது. 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயில், பாறையே இல்லாத காவிரிப் படுகையின் வண்டல் நிலத்தில் நிற்கின்றது. அதற்கான கருங்கல் முழுவதும் தொலைவிலிருந்து கொண்டுவரப்பட்டது. அருகிலே கிடைத்த செங்கல்லை விடுத்துத் தொலைவிலுள்ள கருங்கல்லை நாடியமைக்கு நிலவியலில் விடை இல்லை. காவிரிச் சமவெளியின் நெல் உபரியையும், அதனைக் கணக்கிட்டுத் திரட்டிய நிலவரி அமைப்பையும், சோழ அரசின் படையெடுப்புகள் ஈட்டிய செல்வத்தையும் நோக்கினால் விடை கிடைக்கும். உழைப்பு மலிவாக அல்லது கட்டாயமாகத் திரட்டப்படக்கூடிய இடத்தில், கல்லின் கடினம் ஒரு தடையாகாது, அதுவே பெருமைக்குரியதாகின்றது. கருங்கல்லின் கடினத்தை வியக்கும் நாம், அவ்வளவு உழைப்பைத் தன் ஆணையின்கீழ்க் கொண்டுவந்த அதிகாரத்தையே அறியாமல் வியந்துகொண்டிருக்கின்றோம்.

4

உழைத்தவர் யாவர்? மாமல்லபுரத்துக்கு அண்மையிலுள்ள பூஞ்சேரிப் பாறையிற் கேவாத பெருந்தச்சன், குணமல்லன் முதலிய சில பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அங்கே கொல்லன் ஒருவனின் பெயரும் உண்டு. கருங்கற் பணியிற் கொல்லன் வகித்த இடத்தை முன்னர்க் குறிப்பிட்டோம். பாறையே அதற்குச் சான்றளிக்கின்றது. தஞ்சைக் கோயிற் கல்வெட்டில் இராசராசப் பெருந்தச்சன் என்னும் பட்டம் பெற்ற குஞ்சரமல்லனின் பெயர் வருகின்றது. 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களும் அவர்கள் பெற்ற நெற்பங்கும் விரிவாக உள்ளன. ஆயின் பாறையைப் பிளந்து இழுத்துவந்தோரின் பெயர்ப் பட்டியல் அங்கில்லை. கோயிலின் அன்றாட இயக்கத்துக்கு வேண்டியோர் கணக்கில் ஏறினர். அதனை ஆக்கியோருள் தலைமைத் தச்சன் மட்டும் ஏறினான். எஞ்சியோர் கல்லாகவே கரைந்தனர்.

மணற்கல் நாடான பட்டடக்கல்லில் இதனினும் கூர்மையான செய்தி ஒன்று கிடைக்கின்றது. மேலைச் சாளுக்கியரும் பல்லவரும் தலைமுறைகளாகப் போரிட்டவர்கள். இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றியும் கைலாசநாதர் கோயிலின் செல்வத்தை அதற்கே திருப்பியளித்ததாக அக்கோயிலிற் கன்னடக் கல்வெட்டொன்றைப் பொறித்தான். அவனது வெற்றியின் நினைவாக அரசி லோகமாதேவி பட்டடக்கல்லில் எடுப்பித்த விரூபாட்சர் கோயில், காஞ்சிக் கோயிலின் சாயலை உடையது என்பது கலை வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. அக்கோயிலை அமைத்த குண்டன் என்னும் சூத்திரதாரிக்குத் திரிபுவனாசாரியன் என்ற பட்டம் வழங்கப்பட்டமையை அங்குள்ள கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. அதோடு, அந்நாட்டுத் தொழில்வல்லார்மீது இருந்த சமூக விலக்கு நீக்கப்பட்டமை பற்றியும் அவற்றுள் ஒன்று பேசுகின்றது.

இவ்விறுதிச் செய்தியின் முக்கியத்துவம் போதிய அளவு உணரப்படவில்லை. உலகம் வியக்கும் கோயிலைச் செய்யவல்ல கைகள், அதே வேளையிற் சமூகத்திலிருந்து விலக்கப்பட்ட கைகளாகவும் இருந்திருக்கின்றன. அவ்விலக்கு நீங்குவதற்கு அரசியின் கோயில் முடிவடையவேண்டியிருந்தது. விலக்கை விதித்தது எந்தச் சமூக அமைப்போ, அதனை நீக்கும் அருளாளனாகத் தோன்றியதும் அதே அமைப்பே. கைவினைஞன் மதிக்கப்பட்டான் என்பதற்கு இக்கல்வெட்டைச் சான்று காட்டுவார், மதிப்பு ஒரு கொடையாக வழங்கப்படவேண்டியிருந்த நிலையை மறந்துவிடுகின்றனர்.

தென்கிழக்காசியாவின் கெமர் பேரரசிலும் இம்முரண் தெளிவாகின்றது. 967இல் பிரதிட்டை செய்யப்பட்ட பந்தேய் சிரேய் கோயிலின் செம்மணற்கற் செதுக்கல் மரச்செதுக்கலோ என மயங்கவைப்பது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் எடுத்த அங்கோர் வாட்டுக்கு வேண்டிய மணற்கல் குலேன் மலையடிவாரத்திலிருந்து வந்தது. கற்பாளங்கள் கால்வாய்கள் வழியே கொண்டுவரப்பட்டிருக்கலாம் என அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. நெல் வயலுக்கு நீர் தந்த அதே நீர்நிலை அமைப்பு கல்லையும் சுமந்தது. 1296-97இல் அங்கு சென்ற சீனத் தூதுக்குழுவினரான சோ தாகுவான், சாதாரண மக்கள் தம் வீட்டுக்கு ஓடு வேய்வதற்கும் துணியமாட்டார்கள், ஓலையும் புல்லுமே அவர்களது கூரை என எழுதிவைத்தார். தெய்வத்துக்குக் கல், அதிகாரத்துக்கு ஓடு, உழைப்பவனுக்குப் புல். கட்டடப் பொருள் என்பது வர்க்கத்தின் அடையாளம் என்பதற்கு இதனினும் சுருக்கமான சான்று தேவையில்லை.

5

இனி நம் கரைக்கு மீள்வோம். இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் மிகத் தொன்மையான பளிங்குருப் பாறைகளால் ஆனது. வடக்கும் வடமேற்கும் மயோசீன் காலச் சுண்ணக்கற் படையால் மூடப்பட்டவை. இவ்விரண்டுக்கும் இடையே, புத்தளம் மாவட்டத்தில், தப்போவையிலும் ஆண்டிகமவிலும் சிறு தாழிப்படுகைகளில் யுராசிக் காலப் படிவுகள் தப்பிப் பிழைத்துள்ளன. மணற்கல்லும் மாக்கல்லும் அடங்கிய இப்படிவுகள் கோண்டுவானாக் குடும்பத்தைச் சார்ந்தவை. இவற்றிற் கிடைத்த தாவர உயிர்ச்சுவடுகளை 1920களிலேயே அறிஞர் ஆராய்ந்துள்ளனர். ஸ்ரீபெரும்புதூர்ப் படிவுகளோடு உறவுடைய பாறைகள் புத்தளத்துக்கு அண்மையிலும் உள்ளன என்பது இதனாற் பெறப்படும்.

ஆயின் தப்போவை காஞ்சியாகவில்லை. மணற்கல்லில் எழுந்த பெருங்கட்டடம் எதனையும் இக்கரையில் நாம் காண்பதில்லை. தப்போவையிலும் மரதன்மடுவையிலும் கிடைத்தவற்றுட் சிறப்பானவை சுடுமண் உருவங்கள். பக்தியோ நேர்த்தியோ நோயோ வறட்சியோ காரணமாகச் சாதாரண மக்கள் களிமண்ணில் வனைந்து சுட்டுப் படைத்தவை அவை. பாறை காலடியிற் கிடக்க, அம்மக்கள் மண்ணையே எடுத்தனர். ஏன்? மண்ணை வனைவதற்கு அரச ஆணையும் கொல்லன் உலையும் நெற்களஞ்சியமும் வேண்டுவதில்லை. ஒரு குடும்பத்தின் உழைப்பே போதும். ஆகவே தப்போவைச் சுடுமண் உருவங்களைக் கல்லிற் செதுக்கத் தெரியாதோரின் தாழ்ந்த கலையாகக் கொள்வது தவறு. உபரியைத் திரட்டி மையப்படுத்தாத வாழ்வின் கலை அது.

வடக்கே பொம்பரிப்பில் 1924இலும் 1956-57இலும் 1970இலும் அகழப்பட்ட ஈமத் தாழிகள் இதே உண்மையை வேறு வகையிற் கூறுகின்றன. ஆதிச்சநல்லூரோடு ஒப்பிடப்படும் இத்தாழிக்காட்டை ஆய்வாளர் பெருங்கற்பண்பாட்டுக்கு உரியதாக வகைப்படுத்துவர். ஆயின் அங்கு பெருங்கல் இல்லை, மண்தாழிகளே உள்ளன. கல்லில்லாத ஒரு பண்பாட்டுக்குக் கல்லின் பெயரைச் சூட்டினாலன்றி அதனை வரலாற்றுக்குள் அனுமதிக்க நமது துறைக்கு மனமில்லை போலும்.

இக்கரையின் மணற்கல் நிலத்தில் மட்டுமன்று, கடலுக்குள்ளும் உள்ளது. கற்பிட்டிக்கு மேற்கேயுள்ள கடலடியில் முருகைப்பார்களோடு மணற்கற்பார்களும் உள்ளன. கடலடிப் பாறைத் திட்டுக்குத் தமிழ் மீனவரும் முத்துக்குளிப்போரும் வழங்கும் சொல் பார் என்பது. 1902இல் மன்னார் வளைகுடாவின் முத்துப்படுகைகளை ஆராய வந்த பேராசிரியர் ஹெர்ட்மன், 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்ட அறிக்கையில் இச்சொல்லையே கையாண்டார். மணலும் சிப்பித்துகளும் சுண்ணத்தால் இறுகிய கடினத் தளத்திலேயே முத்துச்சிப்பி பற்றி வளரும். வெறும் மணலில் அது நிலைக்காது. எனவே முத்து என்னும் செல்வத்தின் அடித்தளம், நேர்பொருளிலேயே, இறுகிய மணல்தான்.

இச்செல்வம் எங்கு சென்றது? கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த எரித்திரேயக் கடற் பெரிப்பிளசு, பாண்டியரின் கொற்கைப் பகுதியில் தண்டனைக் கைதிகள் முத்தெடுக்கப் பயன்படுத்தப்பட்டதைக் கூறுகின்றது. 1344இல் புத்தளத்துக்கு வந்த இபுனு பதூதா, ஆரியச்சக்கரவர்த்தியின் முன்னிலையில் முத்துக்கள் குவிந்துகிடக்கக் கண்டார். பின்னர் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என அடுத்தடுத்து வந்தோர் முத்துக்குளிப்பைத் தம் கருவூலத்துக்கு வாய்க்காலாக்கினர். பாரை அறிந்தவன் குளியாளி. பாரின் பயனை எடுத்தவன் அரசன், பின்னர்க் கம்பனி. காஞ்சியில் மணற்கல் கோயிலாக நின்று அதிகாரத்தைப் பறைசாற்றியது. கற்பிட்டிக் கரையிலோ அது நீருக்கடியில் நின்று அதிகாரத்துக்குப் பொருளூட்டியது. கண்ணுக்குத் தெரியாமையால் இரண்டாவது வரலாறு எழுதப்படாது போயிற்று.

6

இக்கரையிற் கண்ணுக்குத் தெரியும் நினைவுச்சின்னமாக நிற்பது கற்பிட்டிக் கோட்டை. 1659இல் கற்பிட்டியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் 1667க்கும் 1676க்கும் இடையில் இதனைக் கட்டினர். புத்தளக் களப்பின் வாயிலைத் தம் வசப்படுத்தி, இரண்டாம் இராசசிங்கனின் கண்டி இராச்சியத்துக்கும் கடல் வாணிகத்துக்கும் இருந்த தொடர்பைத் துண்டிப்பது அவர்களது நோக்கம். கோட்டையின் பெரும்பகுதி முருகைக்கல்லாலும் சுண்ணக்கல்லாலும் ஆனது. வாயில் வளைவோ மஞ்சட் செங்கல்லால் அமைந்தது. 1795இல் அது ஆங்கிலேயர் கைக்கு மாறியது. இப்பொழுது கடற்படையினரின் பொறுப்பில் உள்ளது. சோனகர் மீதும் செட்டிகள் மீதும் ஒல்லாந்தக் கம்பனி சுமத்திய கட்டாய வேலைக்கு ஊழியம் என்று பெயர். கடலிலிருந்து கல்லும் கரையிலிருந்து உழைப்பும் எடுக்கப்பட்டு எழுந்த இத்தகைய சுவர்கள் நமது பாடநூல்களில் ஒல்லாந்தரின் கட்டடக்கலை எனக் குறிக்கப்படுகின்றன.

இதனோடு வேறொன்றையும் இணைத்து நோக்கவேண்டும். தலைமுறைகளாக முருகைக்கல்லை எடுத்துச் சூளையிலிட்டுச் சுண்ணாம்பு செய்து வாழ்ந்த ஏழை உழைப்பாளர் இலங்கையின் கரையோரங்களில் இருந்தனர். 1988ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் முருகைக்கல் அகழ்வைத் தடைசெய்தது. கற்பிட்டிப் பார்த்தொகுதி 1992இற் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 1998இற் கடல்நீர் சூடேறியதால் அங்கு முருகைகள் பெருமளவில் வெளிறி மடிந்தன. பாரைக் காப்பது தேவை. மீனவரின் வாழ்வே அதில் தங்கியுள்ளது. ஆயின் கம்பனி எடுத்த முருகைக்கல் மரபுரிமையாகவும், சூளைக்காரன் எடுத்த முருகைக்கல் குற்றமாகவும் எண்ணப்படும் நிலையை வரலாற்று மாணவன் கேள்வியின்றி ஏற்கமுடியாது. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதுவதே நேர்மை.

மென்கல்லுக்கு நேர்ந்த பிறிதொரு கதியும் இங்கு நினைவுகூரத்தக்கது. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலின் மணற்கல், உப்பாலும் மழையாலும் தேய்ந்தது. அதன்மேற் பிற்காலத்தோர் சுண்ணச்சாந்தைப் பூசி உருவங்களைப் புதுப்பித்தனர். எந்த வளைவு பல்லவத் தச்சனுடையது, எது பிந்திய கொத்தனுடையது எனப் பிரித்தறிவது பல இடங்களிற் கடினம். தூய பல்லவக் கலையைத் தேடுவார்க்கு இது குறையாகலாம். நமக்கோ இது பாடம். 1931இல் ழுவோ துப்ரேய் அக்கோயிலின் சிற்றறைகளிற் கண்டறிந்த ஓவியத் துண்டுகள், அச்சுவர்கள் தொடக்கத்தில் சாந்தும் வண்ணமும் பூண்டிருந்தன என்பதை உணர்த்தின. வெற்றுக்கல்லே தூய கலை என்ற எண்ணம் பிற்காலத்துக்குரியது. தச்சனும் கொத்தனும் ஓவியனும் கூடி ஆக்கிய ஒன்றைக் கல்லாக மட்டும் காண்பது, கூட்டுழைப்பை ஒரு பொருளாகச் சுருக்கிக் காண்பதாகும்.

7

இதுவரை கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். முதலாவது, கட்டடக் கல்லின் தேர்வை இயற்கை மட்டும் தீர்மானிப்பதில்லை. உபரியின் அளவும் அதனைத் திரட்டும் அதிகார வடிவமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இரண்டாவது, ஒரு மக்கட்கூட்டம் கல்லில் எதையும் விட்டுச்செல்லாமை அதன் பண்பாட்டு வறுமைக்குச் சான்றாகாது. உபரி மையப்படாமைக்கோ, அது வேறிடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டமைக்கோ அது சான்றாகலாம். மூன்றாவது, கல்லைப் பேசும் வரலாறு கல்லை ஆக்கிய உழைப்பைப் பேசாதவிடத்து, அது ஆள்வோரின் விருதுப் பெயர்ப் பட்டியலின் தொடர்ச்சியேயாகும்.

கற்பிட்டிக் குடாநாட்டின் வீடுகள் நெடுங்காலம் கிடுகாலும் மண்ணாலும் அமைந்தவை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். அவர்களது முதற் குடிசைகளும் கிடுகு வேய்ந்தவையே. ஆண்டுகள் செல்லச் செல்லக் கிடுகு மறைந்து சீமெந்துக்கற் சுவர் எழுந்தது. இச்சீமெந்துக்கல் என்பது யாது? மணலைச் சீமெந்துப் பசையால் இறுக்கி அச்சிலிட்டு உலர்த்திய கட்டி. கோடிக்கணக்கான ஆண்டுகளில் இயற்கை செய்ததைச் சில நாளிற் கூலியாளின் கை செய்து முடிக்கும் மணற்கல். அப்பசையும் அந்நியமானதன்று. பாலாவியிலுள்ள சீமெந்துத் தொழிற்சாலை, அருவக்காட்டிலிருந்து வரும் சுண்ணக்கல்லைக் கொண்டே இயங்குவது. இக்கரையின் மணலும் இக்கரையின் சுண்ணமும் இக்கரையின் உழைப்பும் சேர்ந்து, முதன்முறையாக இக்கரையின் எளிய மனிதனுக்குக் கல்வீட்டைத் தந்துள்ளன. அது அரசனின் பெயரைத் தாங்கவில்லை. தெய்வத்தின் கதையைச் சொல்லவில்லை. கலை வரலாற்று நூல்களில் இடம்பெறவும் போவதில்லை. எனினும் இடம்பெயர்ந்து வந்த ஒரு குடும்பம், கடனும் கூலியும் சேர்த்து, வரிசை வரிசையாக அடுக்கிய அச்சுவரை, மணற்கல்லின் வரலாற்றிலிருந்து விலக்கிவைக்க நமக்கு எந்த நியாயமும் இல்லை.

மலையில்லாத குறிஞ்சிப்பிட்டியிலும் கல் உண்டு. அதனைக் காண்பதற்குக் கோயிற் கோபுரத்தை நோக்கி அண்ணாந்த கண்களைச் சற்றே தாழ்த்தி, கைகளை நோக்கவேண்டும்.